தைப்பூசம்: பேருக்குள்ளே இருக்கிற அர்த்தம்



ஈப்போ கல்லுமலை கோயில்ல தொண்டு செய்றப்போ, பால்குடம் எடுக்க வந்த பையன் கேட்டான்: “அங்கிள், பூசம்னா பூசையா?” தப்பு அவன் மேல இல்ல. நாமதான் சொல்லிக் கொடுக்கல.

பூசம் ஒரு நட்சத்திரம். சமஸ்கிருதத்தில் புஷ்யம். ‘புஷ்’ என்றால் ஊட்டி வளர்ப்பது. நாம சொல்ற ‘புஷ்டி’யும் அதிலிருந்து வந்ததுதான். இதே நட்சத்திரத்துக்கு இன்னொரு பேர் திஷ்யம். அதிலிருந்துதான் ‘தை’ மாதப் பேரும் வந்தது என்று மொழி அறிஞர்கள் பலர் சொல்றாங்க. 2,200 வருஷத்துக்கு முன்பே அசோகர், தன் கட்டளையைத் திஷ்ய நாளில் மக்களுக்கு வாசிக்கணும்னு கலிங்கத்துக் கல்வெட்டில் எழுதி வைத்தார்.

தை மாதம் சூரியன் மகர ராசியில் இருக்கும். பௌர்ணமி நிலா அதற்கு நேர் எதிரே, கடகத்தில், பூசத்தை ஒட்டி வரும். அதுதான் தைப்பூசம்.

எங்க அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டித்தான் எங்களை வளர்த்தார். லயத்து வாசல்ல நின்னு, நிலாவைப் பார்த்தே “பூசம் நெருங்கிருச்சு”ன்னு சொல்வார். இன்னிக்கு அந்த லயமும் இல்ல, பால்மரமும் இல்ல. பேரோட அர்த்தமாவது மிஞ்சட்டும். ஊட்டி வளர்த்தவங்களை நினைச்சு பால்குடம் எடுங்க. பிள்ளைங்களுக்கும் சொல்லுங்க.

வெற்றிவேல்!