காபிக்கடைப் பரீட்சை

ஹார்வர்டில் சேர விண்ணப்பித்த பிள்ளையை, முன்பு அங்கே படித்த ஒருவர் காபிக்கடையில் சந்தித்துப் பேசி, குணம் எப்படி என்று எழுதியனுப்புவது நெடுநாளைய வழக்கம். சம்பளமில்லாத கைங்கரியம். ஆனால் குணம் பார்ப்பதன் பூர்வோத்தரம் அவ்வளவு சாதுவானதல்ல.

1922-ல் அங்கே யூத மாணவர்கள் நூற்றுக்கு இருபதைத் தாண்டினார்கள். தலைவர் லோவெல் பகிரங்கமாகவே வரம்பு கேட்டார். விசாரித்த குழு 1923-ல் ஒப்பவில்லை. 1926-ல் மார்க்கோடு குணத்தையும் எடைபோடத் தீர்மானித்தார்கள். குணத்துக்கு ஏது தராசு? புகைப்படம், சிபாரிசு, நேர்முகம்! யூதர் தொகை இறங்கியது.

2018 வழக்கில் ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. ஆசிய வம்சத்துப் பிள்ளைகளுக்கு, நேரில் கண்ட பழைய மாணவர்கள் வெள்ளையருக்கு ஏறக்குறைய நிகராகவே குண மதிப்பெண் போட்டிருந்தார்கள். பெரும்பாலோரைக் கண்ணால்கூடப் பாராத ஆபீஸ்தான் குறைத்துப் போட்டிருந்தது.