மேகமும் கல்வெட்டும்

அண்மையில் பண்டமாரானில் ஒரு திருமண ஆல்பத்தைப் பார்த்தேன். மாநிறமான மணப்பெண் படத்தில் வெளுத்திருந்தாள். “எல்லாம் கணினி வந்ததால் வந்த வினை” என்றார் ஒரு பெரியவர். வரலாறு வேறு கூறுகிறது.

1856இல் லின்னேயஸ் டிரைப் என்பார் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரானார். 1858இல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்தார். அக்கால நெகட்டிவ் நீல ஒளியை மிகையாக ஏற்றதால், படத்தில் வானம் மேகமின்றி வெறுமையாகத் தெரியும். ஆகவே, அவர் நெகட்டிவின் மீது தூரிகையால் மேகம் தீட்டினார். சாயம் ஒளியைத் தடுத்த இடமெல்லாம் படத்தில் வெண்மேகமாயிற்று!

அவரே தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒட்டி இணைத்தார். மேகம் அழகுக்கு, கல்வெட்டோ சான்றுக்கு. அதில் ஓர் எழுத்தைத் தீட்டினாலும் சான்று கெட்டுவிடும் அல்லவா?

பின்னர், கறுப்பு வெள்ளைப் படத்தில் மேகம் எடுப்பாகத் தெரிய, லென்சின் முன் மஞ்சள் ஃபில்டர் பொருத்தினர். 1990இல் போட்டோஷாப் விற்பனைக்கு வந்தது. கருவிதான் மாறியது, கேள்வி மாறவில்லை.

தொழில்முறைப் படக்கலைஞர் பின்னணியை மெருகூட்டட்டும், ஒளியைக் கூட்டட்டும், அவை மேகங்கள். நம் பிள்ளைகளின் நிறமோ கல்வெட்டு. நாளை பேரப்பிள்ளைகள் அதில்தான் தங்கள் பாட்டியைத் தேடுவார்கள். அடுத்த முறை படமெடுக்கச் செல்லும்போது, “எங்கள் நிறத்தை மாற்றவேண்டாம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.