உழக்குக் கணக்கும் ஏக்கர் கணக்கும்

(வானொலிப் பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்று ஒரு பழமொழி உண்டு. இதைச் சொல்லியே நம்மில் பலபேர் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டோம். ஆனால் ஒண்ணு கவனிக்கணும். அந்தப் பழமொழியைச் சொன்னவருக்கு உழக்கு என்றால் எவ்வளவு என்று தெரிந்திருக்கிறது. அவர் கணக்குத் தெரியாதவர் இல்லை. கணக்குப் பார்த்து, மனம் நொந்து சொன்னவர். இன்றைக்கு அந்தப் பழைய கணக்கு எப்படி இருந்தது, எப்படி மாறியது, மாறியதால் நமக்கு என்ன ஆயிற்று என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. காவிரிப் பாசனத்தில் ஒரு கிராமம். நெல்லுக்கு மேலுரம் போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் ஒரு பெரியவர், "யூரியா எவ்வளவு போடணும் சார்?" என்று கேட்டார். "அரை மூட்டை போடுங்க ஐயா" என்றேன். நான் மனசில் வைத்தது ஏக்கருக்கு அரை மூட்டை. அந்த ஊரில் எல்லாக் கணக்கும் மாக் கணக்கு. அவர் மாவுக்கு அரை மூட்டை என்று எடுத்துக்கொண்டார். மூணு மா சேர்ந்தால்தான் ஏறத்தாழ ஒரு ஏக்கர். ஆக, போடவேண்டியதைப்போல் மூணு மடங்கு போட்டுவிட்டார். பயிர் கருகருவென்று வளர்ந்தது. இலைச்சுருட்டுப் புழு வந்தது. கதிர் பிடித்த பிறகு ஒரே மழையில் அத்தனையும் சாய்ந்தது. "நீங்க சொன்ன அரை மூட்டைதானே சார் போட்டேன்?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அவர் கணக்கில் பிசகு இல்லை. எந்த அளவுக்கு என்று சொல்லாமல் விட்ட என் பேச்சில்தான் பிசகு. அன்றைக்குத்தான் பழைய கணக்கைத் தெரிந்துகொள்ளணும் என்று எனக்குத் தோன்றியது.

அந்தக் காலத்துப் பிள்ளைகள் கணக்குப் படித்தது திண்ணைப் பள்ளிக்கூடத்தில். மணலைப் பரப்பி விரலால் எழுதுவார்கள். பிறகு ஓலை. எண்சுவடி என்ற வாய்பாட்டை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்வார்கள். சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822-ல் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826-ல் தொகுத்துப் பார்த்தபோது மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தன. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. அதில் படித்தவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். பெண்பிள்ளைகள் மிகச் சிலர். சேற்றில் இறங்கி வேலை செய்த பல குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமே கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க. பின்னால் இதற்கு வருகிறேன்.

திண்ணையில் சொல்லிக்கொடுத்த பின்னக் கணக்கு ஒரு ஏணி மாதிரி. நாலு முந்திரி ஒரு காணி. நாலு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். நாலு கால் ஒன்று. அப்படியானால் கால் என்பது நாலில் ஒன்று, மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று, முந்திரி என்பது முந்நூற்று இருபதில் ஒன்று. ஏன் 320 என்று கேட்கலாம். அந்த எண்ணை ஆறு தடவை சரிபாதியாகப் பிரிக்கலாம், ஐந்தாலும் பிரிக்கலாம். வயலைப் பங்கு போடுகிறவனுக்கும் நெல்லைப் பங்கு போடுகிறவனுக்கும் இது தோதான எண்.

இன்னொரு வழியும் உண்டு. பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று இறங்குவது. அரை, கால், அரைக்கால், வீசம். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. "ஊரில் முக்காலே மூணு வீசம் பேர் வந்துட்டாங்க" என்று சொல்கிறோமே, அது வெறும் பேச்சு இல்லை, கணக்கு. முக்கால் என்பது பதினாறில் பன்னிரண்டு. அதோடு மூணு சேர்த்தால் பதினைந்து. பதினாறு பேரில் ஒருவர்தான் பாக்கி என்று அர்த்தம்.

முந்திரியோடும் நிற்கவில்லை. ஒரு முந்திரியை மறுபடி 320 பங்கு போட்டால் கீழ்முந்திரி. அது 1,02,400-ல் ஒரு பங்கு. 1010-ல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரி என்று எழுதி, அதற்கும் கீழே கீழ்ப்பின்னங்கள் வரை கணக்கு வைத்திருக்கிறார்கள். இப்போதைய தஞ்சை வேலியை எடுத்துக்கொண்டால், அதில் ஒரு கீழ்முந்திரி என்பது மூணு சதுர அடிகூட வராது. ஒரு கோழிக்கூடு வைக்கிற இடம். வரி போடுகிறவர்கள் அவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். வரி கொடுக்கிறவனும் அதே அளவு தெரிந்து வைத்திருந்தால்தான் தப்பிக்க முடியும்.

அடுத்தது நெல் கணக்கு. இதற்கு நெல்லிலக்கம் என்று தனி வாய்பாடு. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. இரண்டு உழக்கு ஒரு உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். இரண்டு குறுணி பதக்கு. இரண்டு பதக்கு தூணி. மூணு தூணி ஒரு கலம். அப்படியானால் ஒரு கலத்தில் 384 உழக்கு. பழமொழியில் வரும் உழக்கு எவ்வளவு சின்னது என்று இப்போது புரியும்.

வாய்பாடு ஒண்ணுதான். ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் வேறு வேறு. சில இடத்தில் ஒரே வீட்டிலேயே இரண்டு. குத்தகை வாங்கப் பெரிய மரக்கால், கூலி கொடுக்கச் சின்ன மரக்கால். திண்ணையில் இடம் கிடைக்காதவர்கள் வயிற்றில்தான் இது அடித்தது. 1940-களில் தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாட்கள் சங்கம் சேர்ந்து போராடியபோது, நெல்லை முத்திரை போட்ட மரக்காலால் அளக்கவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. கூலி எவ்வளவு என்று பேசுவதற்கு முன்னால், எந்த மரக்கால் என்று பேச வேண்டியிருந்தது.

நிலக் கணக்குக்கு வருவோம். நீளம் எத்தனை கோல், அகலம் எத்தனை கோல் என்று அளந்து பெருக்கினால் குழி. இந்தப் பெருக்கல் வாய்பாட்டுக்குக் குழிமாற்று என்று பெயர். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. தஞ்சைப் பக்கம் பன்னிரண்டு அடிக் கோல். ஒரு வயல் நீளம் 16 கோல், அகலம் 9 கோல் என்றால் 144 குழி. அதாவது ஒரு மா, 44 குழி. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 47½ சென்ட். செங்கற்பட்டுப் பக்கம் கோல் 24 அடி. அங்கே நூறு குழி சேர்ந்தால் ஒரு காணி, அது 132 சென்ட். இரண்டு ஊரிலும் நூறு குழிதான். ஆனால் ஒன்று 33 சென்ட், மற்றது அதைப்போல் நாலு பங்கு. அங்கே பெண் கொடுத்து இங்கே பெண் எடுத்தவர்கள் நிலம் எவ்வளவு என்று கேட்கும்போது கோலையும் கேட்டுக்கொள்வது நல்லது.

ஏக்கரும் சென்ட்டும் வெள்ளைக்காரர்கள் காலத்து நில அளவையில் வந்தவை. எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 1620-ல் 66 அடிச் சங்கிலி ஒன்றை நூறு கண்ணியாக அமைத்தார். ஒரு சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம் உள்ள இடம் சரியாகப் பத்து சென்ட். இதை மறக்காதீங்க. 66 அடிக் கயிறு ஒன்று வீட்டில் இருந்தால் நாற்றங்காலையும் வயலையும் நீங்களே அளந்துவிடலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டு பெரிய மாற்றம். 1957 ஏப்ரல் 1-ல் பதினாறு அணா ரூபாய் போய் நூறு நயா பைசா வந்தது. பழைய அணாவும் வீசமும் ஒண்ணு. எட்டணா அரை, நாலணா கால், இரண்டணா அரைக்கால், ஓரணா வீசம். திண்ணையில் படித்தவர்களுக்கு அது கைவந்த கணக்கு. புதுக் கணக்கில் ஓரணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஆறு பைசா என்று வைத்தார்கள். நாலணா கொடுத்தால் 25 பைசா, ஓரணாவாக நாலு தடவை கொடுத்தால் 24 பைசா. அடுத்து 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக வீசையும் மணங்கும் போய்க் கிலோ வந்தது. நாற்பது பலம் கொண்ட ஒரு வீசை, 1,400 கிராம். வீசை விலையைக் கிலோ விலையாக மாற்றத் தெரியாதவர்கள் கொஞ்ச காலம் கடைக்காரர் சொன்னதைத்தான் நம்பவேண்டியிருந்தது.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன? அளவு மாறும்போதெல்லாம், மாற்றிக் கணக்குப் போடத் தெரியாதவனுக்குத்தான் நஷ்டம். அது பழைய கதை என்று நினைக்காதீங்க. 2018-ல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோ ஆனது. "ஏக்கருக்கு இத்தனை மூட்டை" என்று பழக்கத்தில் போடுகிறவர்கள் மூட்டைக்கு ஐந்து கிலோ குறைவாகப் போடுகிறார்கள். ஆகவே மூட்டையை எண்ணாதீங்க, கிலோவை எண்ணுங்க. நெல் விற்கும்போதும் அப்படித்தான். அரசு கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ. வெளியில் மூட்டை எடை ஊருக்கு ஊர் வேறு. இரண்டையும் கிலோ விலைக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பாருங்க.

பட்டாவில் இப்போது ஹெக்டேர், ஏர் என்று இருக்கிறது. 0-40.50 என்று இருந்தால் பயப்படவேண்டாம். ஏரை இரண்டரையால் பெருக்குங்க. நாற்பதரை ஏருக்கு நூற்றியொண்ணேகால் வரும். நூற்றுக்கு ஒண்ணு கழித்துக்கொண்டால் நூறு சென்ட், ஒரு ஏக்கர்.

கடன் வாங்கும்போது "ரூபாய்க்கு மூணு பைசா வட்டிதான்" என்பார்கள். கேட்கச் சின்னதாக இருக்கும். அது மாச வட்டி. பன்னிரண்டால் பெருக்கினால் வருஷத்துக்கு நூற்றுக்கு 36. பத்தாயிரம் வாங்கினால் வட்டி மட்டும் 3,600 ரூபாய். எந்தக் கடனையும் வருஷ வட்டியாக மாற்றிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்க.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். விதை, உரம், கூலி, வண்டி வாடகை, விற்ற கிலோ, வாங்கிய ரூபாய் எல்லாவற்றையும் அன்றன்றைக்கு எழுதுங்க. எழுத வராதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பேரனையோ பேத்தியையோ எழுதச் சொல்லுங்க. திண்ணையில் இடம் கிடைக்காத பிள்ளைகள் என்று சொன்னேனே, அவர்கள் வீட்டுப் பேத்திகள் இன்றைக்கு வாய்பாடு சொல்கிறார்கள். அந்தக் கணக்கு வயலுக்கும் வரட்டும்.

கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது சில வருஷம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த உழக்கு எங்கே போனது, உரத்திலா, வட்டியிலா, எடையிலா என்று தெரியணும் என்றால் கணக்குப் பார்த்தே ஆகவேண்டும்.