படத்தின் பின்புறம்

நூற்றாண்டு மலருக்குப் பழைய படங்கள் அனுப்புங்கள் என்று மலர்க்குழு கேட்டிருந்தது. கொழும்பிலிருந்தும் ரொறன்ரோ, லண்டன், மெல்பேண் நகரங்களிலிருந்தும் கடித உறைகள் வந்தன. கேட்ட படங்களோடு கேளாத பொருட்களும் வந்தன. யாழ்ப்பாணக் கோட்டை அச்சிட்ட தபாலட்டை ஒன்று, கல்லூரிச் சஞ்சிகையின் விளம்பரப் பக்கங்கள் சில, யாரோ ஒருவருடைய அம்மா ஊசி நூல் போட்டு வைத்திருந்த பிஸ்கற் பேணி ஒன்று. அவற்றைப் பிரித்து அடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

ஊரில் இருந்தவற்றுள் எஞ்சியது சொற்பம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழையில் நடந்து வெளியேறியபோது, அரிசியையும் அடையாள அட்டையையும் எடுத்தவர்கள் அல்பத்தை விட்டுவிட்டுப் போனார்கள். அதனால் எங்கள் கல்லூரியின் பழங்காலம் இன்று பெரும்பாலும் வெளிநாட்டு அலுமாரிகளில் இருக்கிறது.

முதலில் தபாலட்டைகளைச் சொல்கிறேன். கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாற்றே நிறுவனம் இலங்கைக் காட்சிகளை ஏராளமாக அச்சிட்டு விற்றது. துறைமுகத்தில் இறங்கிய கப்பற் பயணிகள் அவற்றை வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள். 1905இல் புகையிரதப் பாதை யாழ்ப்பாணம் வரை முழுமையடைந்தது. அதன் பின் வடக்கே வருவோரும் அதிகரித்தனர். எங்களுக்கு வந்த அட்டைகளில் கோட்டையும், பனந்தோப்பும், வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கைக்கு வந்த நினைவாக 1882இல் எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரமும் இருக்கின்றன. கட்டடங்களுக்கெல்லாம் பெயர் அச்சிட்டிருக்கிறார்கள். மனிதர்கள் வரும் அட்டைகளில் ‘தமிழ்ப் பெண்’ என்று மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது. மூக்குத்தி, காதணி, சேலை மடிப்பு எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. அவள் யார், எந்த ஊர், யாருடைய மகள் என்று எவரும் கேட்டு எழுதவில்லை.

விளம்பரங்களிலும் இதே கதைதான். இலங்கைக்கு 1877இல் வந்த சிங்கர் நிறுவனம், 1893ஆம் ஆண்டுச் சிக்காகோ உலகக் கண்காட்சியில் பல நாட்டு மக்களைத் தையல் இயந்திரத்தருகே இருத்திய வண்ண அட்டைகளை வழங்கியது. இலங்கையருக்கும் அதில் ஓர் அட்டை உண்டு. லிப்ரன் தேயிலை விளம்பரங்களில் கூடையோடு நிற்கும் மலையகத் தமிழ்ப் பெண்ணை உலகமே பார்த்தது. லிப்ரனின் பெயர் எல்லோருக்கும் தெரியும். கொழுந்து கொய்தவளின் பெயர் எவருக்கும் தெரியாது.

கல்லூரிச் சஞ்சிகையின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டியபோது மனம் ஆறியது. புடைவைக் கடை, நகைக் கடை, அச்சகம், சைக்கிள் திருத்தும் கடை என்று பெரியகடைப் பக்கத்து வியாபாரிகள் தங்கள் பெயரையும் தகப்பனார் பெயரின் முதலெழுத்தையும் போட்டு, மூன்று இலக்கத் தொலைபேசி எண்ணோடு ‘நல்வாழ்த்துக்கள்’ சொல்லியிருந்தார்கள். அந்தப் பணத்தில்தான் சஞ்சிகை அச்சேறியது. எங்களூரிலேயே செய்த மில்க்வைற் சவர்க்காரத்தை நினைக்காமல் விடுதி மாணவி எவரும் சனிக்கிழமைக் கிணற்றடியை நினைக்க மாட்டார். அந்தக் கடைகளிற் பல இன்று இல்லை. அவை இருந்ததற்குச் சாட்சி இந்தக் கால் பக்கங்கள்தான்.

கடைசியாக, அறுபதுகளில் எடுத்த எங்கள் வகுப்புப் படம். முன்வரிசையில் அதிபரும் ரீச்சர்மாரும், பின்னால் இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சட்டையுமாக முப்பத்திரண்டு பிள்ளைகள். புரட்டிப் பார்த்தேன். ஸ்ரூடியோவின் ஊதா நிற முத்திரை மட்டும் இருந்தது, பெயர் ஒன்றும் இல்லை. எங்களுக்குள் மறக்குமா என்ற எண்ணம்தான் அன்று.

தொலைபேசியை எடுத்தேன். கொழும்பில் இருப்பவளுக்கு ஐந்து பேரைத் தெரிந்தது. மெல்பேணில் இருப்பவள் நெற்றியை வைத்தே இருவரைக் கண்டுபிடித்தாள். ரொறன்ரோவில் முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒருத்தி, தன் மகளின் பெயரைத் தடுமாறிச் சொன்னவள், மூன்றாம் வரிசையை இடமிருந்து வலமாக ஒப்புவித்தாள். ஆறு வாரத்தில் முப்பத்திரண்டு பெயரும் கிடைத்தன. அவர்களில் பதினொரு பேர் இன்று இல்லை.

பெருமையோடு எழுதி முடித்த பிறகுதான் படத்தின் வலது ஓரத்தைக் கவனித்தேன். தூணோடு ஒட்டி, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி ஒரு பெண் நிற்கிறார். எங்கள் மணியடிக்கும் ஆச்சி. காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துத் தந்தவர், பிந்தி வருபவர்களுக்காகப் படலையை ஒரு நிமிடம் திறந்து வைத்தவர். மறுபடியும் எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தேன். எல்லோருக்கும் அவரை நினைவிருந்தது. பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்களில் ஒருத்தியும் கேட்டதில்லை. பிளாற்றேயின் அட்டையைப் பார்த்துக் கோபப்பட்ட நான் அன்று இரவு நித்திரை கொள்ளவில்லை.

இப்படம் இம்மலரில் அச்சாகிறது. அதன் கீழே ஓர் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். ஆச்சியின் பெயர் தெரிந்தவர்கள், அவருடைய பிள்ளைகள் பேரப்பிள்ளைகளை அறிந்தவர்கள், சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். அத்தோடு, இன்றே உங்கள் வீட்டுப் படங்களைப் புரட்டி, மென்மையான பென்சிலால் பின்புறத்தில் பெயர்களை எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். ஓரத்தில் நிற்பவர்களையும் மறக்காமல் எழுதுங்கள்.