திருப்புளியும் ஹடோகெனும்

1987இல் காப்காம் நிறுவனம் வெளியிட்ட முதல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' ஆர்கேட் எந்திரத்தின் சொகுசு வடிவத்தில் ஆறு பட்டன்கள் கிடையாது. ரப்பர் போர்த்திய இரண்டு பெரிய பட்டைகள்தான்: ஒன்று குத்துக்கு, ஒன்று உதைக்கு. எவ்வளவு ஓங்கி அடிக்கிறோமோ, திரையிலும் அவ்வளவு பலமாக அடி விழும். யோசனை பிரமாதம், கைதான் தாங்கவில்லை. குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என ஆறு பட்டன் வைத்த எளிய வடிவமே நிலைத்தது. 1991இல் வந்த இரண்டாம் பாகம் அந்த ஆறையும் உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

ஜப்பானிய விளையாட்டுக் கூடங்களில் ஓர் ஆட்டத்துக்கு 100 யென் நாணயம் போடுவது வழக்கம். எந்திரம் ஓய்ந்தால் உண்டியல் நிறையாது. எனவே செகா நிறுவனத்தின் 1993ஆம் ஆண்டு 'ஆஸ்ட்ரோ சிட்டி' போன்ற பெட்டிகளில் தேய்ந்த பாகத்தைக் கழற்றி நொடியில் புதியதைப் பொருத்த வேண்டியிருந்தது. சன்வா, செய்மிட்சு நிறுவனங்களின் 30 மி.மீ. பட்டனுக்கு நட்டுகூட வேண்டாம். தகட்டு ஓட்டையில் வைத்து அழுத்தினால் இரு பக்கக் கால்களும் 'க்ளிக்' என்று பற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் ஹாப் நிறுவனம் பெயர்பெற்றது. அங்கே தடித்த பலகை, பேட் போல நீண்ட கைப்பிடி, நட்டு போட்டு இறுக்கும் பட்டன். ஓட்டையோ சுமார் 28.6 மி.மீ. ஜப்பான் பட்டனை அதில் நுழைக்க நினைத்தவர் முதலில் அரத்தைத் தேட வேண்டும்.

ஒன்றரை மில்லிமீட்டருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். ஆடுபவரிடம் கேட்டுப் பாருங்கள்: பாகத்தில் சிறு பிசகு இருந்தாலும் ஆட்டம் கெடும். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' வீரன் ரியூவின் ஹடோகென் நெருப்புப் பந்து கிளம்ப, ஜாய்ஸ்டிக் தண்டைக் கீழே, கீழ்-முன் மூலைக்கு, முன்னே என உருட்டிக் குத்து பட்டனைத் தட்ட வேண்டும். தண்டின் அடியில் ஒரு ஸ்பிரிங், நான்கு மைக்ரோசுவிட்சுகள், ஒரு சதுரத் தடுப்புச் சட்டம். மூலைக்குத் தள்ளும்போது அடுத்தடுத்த இரு சுவிட்சுகளும் ஒருசேர அழுந்த வேண்டும். பிளாஸ்டிக் தேய்ந்து ஒன்று தப்பினால் பந்து வராது, வெறும் குத்துதான் விழும். சட்டம் சதுரமா, எண்கோணமா என்பது ஓயாத வழக்கு. 'டெக்கன்' சண்டை விளையாட்டை ஆடும் கொரிய ஆட்டக்காரர்களோ ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வைத்த தண்டையே விரும்புகிறார்கள்.

பாகத்தை நொடியில் மாற்றும் கூடத்துக்காரரின் வசதி மெல்ல ஆட்டக்காரரின் வீட்டுக்கு வந்தது. 2004இல் கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்த 'ஈவோ' சண்டை விளையாட்டுப் போட்டியில் ஆர்கேட் எந்திரங்களை அகற்றி வீட்டு கன்சோல்களை வைத்தார்கள். எதிர்ப்பும் இருந்தது. ஆனால் அந்தப் போட்டியில்தான் ஜப்பானிய ஆட்டக்காரர் டைகோ உமெஹாரா, அமெரிக்க ஆட்டக்காரர் ஜஸ்டின் வாங்கின் அடிமழையை ஒவ்வோர் அடியாகத் தட்டிவிட்டு அவரை வென்றார். கூடத்து எந்திரத்தை நம்பியிருந்த காலம் போய், தண்டும் பட்டன்களும் கொண்ட தன் பெட்டியைத் தானே சுமந்து வரும் காலம் வந்தது.

2009இல் நான்காம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' வீட்டுக்கு வந்தபோது மேட் கேட்ஸ் நிறுவனம் அத்தகைய இரண்டு பெட்டிகளை விற்றது. விலை கூடியதில் சன்வா பாகங்கள். குறைந்ததில் சொந்தத் தயாரிப்பு. பலர் குறைந்ததை வாங்கி, உள்ளே சன்வாவை வைத்துக்கொண்டார்கள். ஒரு மாலை நேர வேலைதான். அடித்தகட்டைக் கழற்றி, தண்டின் அடிப் பள்ளத்தில் தட்டைத் திருப்புளியைக் கொடுத்துப் பிடித்தால் மேலிருக்கும் உருண்டை சுழன்று வந்துவிடும். பட்டனின் கால்களை விரலால் நெருக்கி மேலே தள்ளினால் அதுவும் வெளியே. எச்சரிக்கை வேண்டிய இடம் ஒன்று உண்டு: எல்லாப் பட்டன்களையும் சங்கிலியாகக் கோத்துச் செல்லும் கிரவுண்ட் ஒயர். நடுவில் அறுந்தால் அதற்கப்பால் உள்ள பட்டன்கள் எல்லாம் ஊமை.

பிறகு ஜாய்ஸ்டிக்கையே தூக்கிவிட்டு, திசைக்கொரு பட்டன் வைத்த 'ஹிட் பாக்ஸ்' வந்தது. அதில் மற்ற பட்டன்கள் எல்லாம் 24 மி.மீ.க்குச் சுருங்கிவிட்டன. கட்டைவிரலால் தட்டித் தாவும் பட்டன் மட்டும் இன்னும் அதே 30.