வந்த நோய் ஒன்று, வீட்டுக்குள் கருத்து மூன்று

ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்தான். போன ஆடிப்பூரத்துக்கு வழக்கம்போல குடும்பத்தோடு அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். தேர் பார்க்கக் கிளம்பும்போது அத்தை பீரோவைத் திறந்து ஒரு மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னக்கா, கொரோனா போயி எத்தன வருசமாச்சு! இன்னுமா இத மாட்டிக்கிட்டு அலையுற?"

"ஒனக்குப் போயிருச்சு. எனக்குப் போகலடா."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. தேர் பார்த்தோம், பால்கோவா வாங்கினோம், திரும்பி வந்துவிட்டோம். ஆனால் அத்தை சொன்ன அந்த வார்த்தை மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நான் படிப்பது வரலாறு. கட்டபொம்மன், கிழக்கிந்தியக் கம்பெனி என்று எழுதுகிற நான், என் வீட்டுக்குள்ளேயே நடந்த ஒரு வரலாற்றை எழுதிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

முதலில் வீட்டுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மூன்று முறை வந்தது. 2020 ஆகஸ்டில் மூக்கில் குச்சி விட்டு 'பாசிட்டிவ்' என்றார்கள். 2021 மே மாதம் இரண்டாவது முறை. 2022 ஜனவரியில் மூன்றாவது முறை, ஆனால் அப்போது டெஸ்ட் எடுக்கவில்லை. தெருவில் பாதிப் பேருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல், யார் போய் எடுப்பது? அப்பாவுக்கு இரண்டு முறை. அப்பத்தாவுக்கு ஒரு முறை. அத்தைக்கும் ஒரே ஒரு முறைதான். அந்த ஒரு முறையில் அவர் மாமாவை இழந்தார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரே நோய் திரும்பத் திரும்ப வந்தால் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? நமக்கு முன்பு இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

நூறு வருடத்துக்கு முந்தைய மூன்று அலைகள்

நடந்திருக்கிறது. 1918ல் வந்த இன்ஃப்ளூயன்சா காய்ச்சல். முதல் உலகப்போர் முடியும் நேரத்தில் கப்பலில் பம்பாய் துறைமுகத்தில் வந்து இறங்கியது. ஜூன், ஜூலையில் வந்த முதல் அலை லேசான அலை. "இவ்வளவுதானா" என்று மக்கள் நினைத்த நேரத்தில், செப்டம்பரில் இரண்டாவது அலை வந்து கொத்துக்கொத்தாகக் கொன்றது. 1919 தொடக்கத்தில் மூன்றாவது அலை. இந்தியாவில் மட்டும் 1.2 கோடி முதல் 1.8 கோடி பேர் வரை இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 1911ல் இருந்து 1921 வரையிலான பத்து ஆண்டுகளில் இந்திய மக்கள்தொகை கூடவில்லை, குறைந்தது! நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரலாற்றிலேயே அப்படிக் குறைந்த ஒரே பத்தாண்டு அதுதான்.

முதல் அலையில் காய்ச்சல் வந்தவர்களுக்கு இரண்டாவது அலையில் ஓரளவு பாதுகாப்பு இருந்ததாக, அந்தக் காலத்து ராணுவப் பதிவேடுகளை வைத்துப் பிற்காலத்தில் கண்டுபிடித்தார்கள். ஆனால் அன்றைக்கு நோயில் கிடந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1918 அக்டோபரில் எல்லோரும் முகக்கவசம் போட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பெரும்பாலான மக்கள் போட்டார்கள். நவம்பர் 21ல் உத்தரவை எடுத்தபோது தெருவில் கழற்றி வீசிக் கொண்டாடினார்கள். ஆனால் நோய் திரும்பி வந்தது. 1919 ஜனவரியில் மறுபடியும் உத்தரவு. இந்த முறை மக்கள் 'முகக்கவச எதிர்ப்புச் சங்கம்' என்று ஒன்றையே ஆரம்பித்துவிட்டார்கள்! பிப்ரவரி 1ல் உத்தரவு வாபஸ்.

அதே ஊர், அதே நோய், அதே துணி. மூன்றே மாதத்தில் மனசு மாறிவிட்டது. முதல் தடவை பயத்தில் கேட்டவர்கள் இரண்டாவது தடவை அலுப்பில் மறுத்தார்கள். நமக்கும் இதுதான் நடந்தது இல்லையா?

சத்திரப்பட்டித் துணியும் ஒரு டாக்டரின் சாவும்

ராஜபாளையம் பக்கத்தில் இருக்கும் சத்திரப்பட்டியைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி அங்கே நெய்யப்பட்டு ஊர் ஊராகப் போகிறது. நோய் பரவும்போது முகத்தில் கட்டும் கவசமும் அந்த மாதிரி மெல்லிய துணியில்தான் பிறந்தது.

1910 கடைசியில் சீனாவின் மஞ்சூரியாவில் நுரையீரலைத் தாக்கும் பிளேக் பரவியது. பினாங்கில் பிறந்த வூ லியன் தே என்ற இளம் டாக்டரை அங்கே அனுப்பினார்கள். இது எலியிடம் இருந்து மட்டும் வருவதல்ல, மனிதனின் மூச்சு வழியாகவே பரவுகிறது என்று அவர் சொன்னார். பேண்டேஜ் துணி மடிப்புக்கு நடுவில் பஞ்சை வைத்து முகத்தில் கட்டச் சொன்னார். மெனி என்ற அனுபவம் மிக்க பிரெஞ்சு டாக்டர் அதை ஏற்கவில்லை. கவசம் இல்லாமலேயே நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில், 1911 ஜனவரியில், அதே பிளேக்கில் இறந்துபோனார். அதன் பிறகு அங்கே முகக்கவசம் போட யாரும் யோசிக்கவில்லை.

படித்த டாக்டர்களுக்கு நடுவிலேயே கருத்து வேறுபாடு இருந்திருக்கிறது என்றால், நம் வீட்டில் இருப்பதில் என்ன ஆச்சரியம்?

நம்ம ஊரின் மூன்று அலைகள்

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

முதல் அலை, 2020. தமிழ்நாட்டில் முதல் நோயாளி கண்டறியப்பட்டது மார்ச் 7. முதல் மரணம் மார்ச் 25 அன்று மதுரையில். அதே நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். 1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸை ஆரம்பித்த காலத்தில் இருந்து ஷிப்ட் கணக்கில்தான் இந்த ஊருக்கு விடிகிறது. அந்த ஷிப்ட் நின்றது. மில் வேலை பார்க்கும் அப்பா வீட்டில் உட்கார்ந்தார். ரேஷன் அரிசி, கபசுரக் குடிநீர், அம்மாவின் கம்மல் அடகுக்கடையில். அந்த வருடம் ஆண்டாளின் பெரிய தேரும் ரத வீதிக்கு வரவில்லை. எங்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து, 'ஆல் பாஸ்'. (பதினொன்றிலும் அதேதான். எங்கள் செட்டைக் கிண்டல் செய்பவர்கள் கவனிக்க, பன்னிரண்டில் பரீட்சை எழுதித்தான் பாஸானோம்!) ஆகஸ்டில் அப்பாவுக்கும் எனக்கும் நோய் வந்தது. இரண்டு நாள் காய்ச்சல், வாசனை தெரியவில்லை, அவ்வளவுதான். அப்பாவைப் பொறுத்தவரை கொரோனா என்றால் நோய் அல்ல, வேலை இல்லாத மாதங்கள்.

இரண்டாவது அலை, 2021. ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல். எந்தக் கட்சிக் கூட்டத்தைப் பார்த்தாலும் முகக்கவசம் தாடையில்தான் தொங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியின் காங்கிரஸ் வேட்பாளர் மாதவராவுக்குப் பிரச்சாரத்தின் நடுவிலேயே தொற்று வந்து, மதுரையில் சேர்க்கப்பட்டார். வாக்குப்பதிவு முடிந்து ஐந்தாம் நாள், ஏப்ரல் 11ல், இறந்துபோனார். ஓட்டுகள் பெட்டியில் இருந்தன, வேட்பாளர் இல்லை. மே 2ல் எண்ணியபோது அ.தி.மு.க.வின் மான்ராஜ் வெற்றி பெற்றார்.

அதே ஏப்ரலில் நடிகர் விவேக் 15ஆம் தேதி தடுப்பூசி போட்டுக்கொண்டு, 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். நம் தென் மாவட்டத்துக்காரர், எல்லோருக்கும் பிடித்தவர். அவர் மரணத்துக்குத் தடுப்பூசி காரணம் அல்ல என்று மத்திய அரசின் குழு சொன்னது, ஆனால் அது அக்டோபரில். அதற்குள் எங்கள் தெருவில் ஊசி என்றாலே கதவைச் சாத்த ஆரம்பித்துவிட்டார்கள். மாமாவும் "கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்.

கொஞ்ச நாள் போகவில்லை. மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. விருதுநகர் மாவட்டத்துக்கு அப்போது அரசு மருத்துவக் கல்லூரி செயல்படவில்லை. அது திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12ல்தான். மூச்சு முட்டினால் மதுரைக்குத்தான் ஓட வேண்டும். மாமாவையும் அப்படித்தான் கொண்டுபோனோம். ஒன்பதாம் நாள் முடிந்துவிட்டது. முகத்தைக்கூட அத்தைக்கு ஒரு நிமிடம்தான் காட்டினார்கள்.

அந்த ஜூன், ஜூலையில் தமிழகப் பொது சுகாதாரத் துறை மக்களின் ரத்தத்தில் கொரோனாவுக்கான எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று ஆய்வு செய்தது. மாநில சராசரி 66.2 சதவீதம். ஈரோட்டில் 37. விருதுநகரில் 84! மாநிலத்திலேயே நாம்தான் முதலிடம். நூற்றுக்கு எண்பத்து நான்கு பேரை நோயோ ஊசியோ ஏற்கெனவே தொட்டிருந்தது. "இனிமே நமக்கு வராது" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

வந்தது. மூன்றாவது அலை, 2022 ஜனவரி, ஒமிக்ரான். மாநிலத்தில் ஒரு நாள் எண்ணிக்கை மறுபடியும் 30 ஆயிரத்தைத் தாண்டியது. ஆனால் இந்த முறை ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழியவில்லை. அப்பத்தாவுக்கு வந்ததும் அப்போதுதான். மிளகு ரசம் குடித்துவிட்டு நான்காம் நாள் எழுந்துவிட்டார். "இதுக்கா இவ்வளவு அலப்பற" என்பது அப்பத்தாவின் தீர்ப்பு.

இதற்கு விஞ்ஞானக் காரணம் உண்டு. 2023 பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. ஒரு முறை வந்து பத்து மாதம் ஆனவர்களுக்கு, ஒமிக்ரான் திரும்பத் தொற்றாமல் இருக்கும் பாதுகாப்பு சுமார் 36 சதவீதம்தான். ஆனால் நோய் முற்றி ஆபத்தாகாமல் இருக்கும் பாதுகாப்பு சுமார் 88 சதவீதம். கிருமி தன் வெளித்தோற்றத்தை மாற்றிக்கொண்டு திரும்ப நுழைந்துவிடுகிறது, உடம்போ பழைய எதிரியை உள்ளே அடையாளம் கண்டு அடக்கிவிடுகிறது.

அப்படியானால் "வந்தாலும் ஒன்றும் ஆகாது" என்ற அப்பா சொல்வதும் பெரும்பாலும் சரி. "திரும்ப வரும்" என்ற அத்தை சொல்வதும் சரி. ஆனால் யாருக்கு நோய் முற்றும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அத்தைக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது.

நான் கண்டுகொண்டது இதுதான். முன்னெச்சரிக்கையைப் பற்றி ஒரு வீட்டில் மூன்று கருத்து இருந்தால், ஒருவர் அறிவாளி, மற்றவர்கள் முட்டாள் என்று அர்த்தம் இல்லை. அப்பா பேசுவது முதல் அலையில் இருந்து. அத்தை பேசுவது இரண்டாவது அலையில் இருந்து. அப்பத்தா பேசுவது மூன்றாவது அலையில் இருந்து. கிருமி ஒன்றுதான், அவரவர் சந்தித்த நேரம் வேறு.

வேப்பிலை சொல்லும் சேதி

அப்பத்தாவிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் அந்தக் காலத்து அம்மை நோயைப் பற்றிச் சொன்னார். பெரியம்மை இந்தியாவில் 1975ல் ஒழிந்தது. உலகத்தில் ஒழிந்ததாக அறிவித்தது 1980ல். ஒரு வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை சொருகுவார்கள். அதைப் பார்த்தால் வெளியாள் உள்ளே வரமாட்டான். அந்த வீட்டுக்காரர்களும் விசேஷத்துக்குப் போகமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட பிறகுதான் சகஜ வாழ்க்கை.

இதில் இரண்டு விஷயம் கவனித்தேன். ஒன்று, பெரியம்மை வந்து பிழைத்தவருக்கு அநேகமாகத் திரும்ப வராது. எனவே அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு முடிவு இருந்தது. கொரோனாவுக்கு அப்படி முடிவு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ல் அவசரநிலையை முடித்தது, நோயை அல்ல. 2025 மே, ஜூனில்கூட மறுபடி செய்திகளில் வந்தது. முடிவே இல்லாத ஒன்றுக்கு எல்லோரும் எப்போதும் முகக்கவசம் போட முடியாது, ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, அன்றைக்குப் பொறுப்பு நோய் இருந்த வீட்டுடையது. உள்ளே வராதே என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு இருமிக்கொண்டே கல்யாணத்துக்கு வருகிறவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒழுங்காக மாஸ்க் போட்டு வருகிறவரைக் கிண்டல் செய்கிறோம். தலைகீழாக இல்லை?

ஆடிப்பூரம் முடிந்து சில வாரம் கழித்து அத்தை எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. முதல் நாள் ராத்திரி அப்பா போன் செய்வதைக் கேட்டேன்.

"அக்கா, எனக்கு ரெண்டு நாளா சளி, தொண்ட கரகரன்னு இருக்கு. என்ன எழவுன்னு தெரியல. நீ இந்த வாரம் வர வேணாம். சரியானதும் நானே வந்து கூட்டிட்டு வாரேன்."

அந்தப் பக்கம் அத்தை என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் வந்தபோது கை நிறையப் பால்கோவா கொண்டுவந்தார். மாஸ்க் போட்டுத்தான் வந்தார். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்கள் வீட்டில் அப்பா கட்சியா, அத்தை கட்சியா, அப்பத்தா கட்சியா? யாராக இருந்தாலும், அடுத்த முறை அவரோடு சண்டை போடும் முன்பு, அவருக்குக் கொரோனா எந்த வருடம் வந்தது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.