ஒரத்துப்பாளையம் அணை: பாசனத்துக்குக் கட்டியது, சாயக்கழிவுத் தொட்டியானது எப்படி?

அணை நிரம்பினால் விவசாயிகள் மலர் தூவி வரவேற்பது வழக்கம். "அந்தத் தண்ணிய எங்க பக்கம் திறந்து விட்டுடாதீங்க" என்று விவசாயிகளே கெஞ்சிய அணை ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. சென்னிமலை அருகே நொய்யல் ஆற்றின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைதான் அது.

திருப்பூர் ராயபுரத்தில் (சென்னை ராயபுரம் இல்லை) தைக்கப்படும் ஒரு கலர் பனியனுக்கும் இந்த அணைக்கும் என்ன தொடர்பு?

அணை எதற்காகக் கட்டப்பட்டது?

மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளியங்கிரிப் பகுதியில் உருவாகும் நொய்யல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. மழைக்காலத்தில் வீணாகும் வெள்ளத்தைத் தேக்கிப் பாசனம் செய்யலாம் என்பதுதான் திட்டம். 40 அடி உயரத்துக்கு நீர் தேக்கும் இந்த அணை 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

சரியாக அதே காலத்தில்தான் திருப்பூரின் பனியன் ஏற்றுமதியும் வேகமெடுத்தது. ஆற்றோரம் சாயப்பட்டறைகள் பெருகின. அணை கட்டியவர்கள் மேலே வளரும் நகரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. நகரத்தை வளர்த்தவர்கள் கீழே இருக்கும் அணையை நினைக்கவில்லை. கோளாறு இங்கேதான் தொடங்குது.

நிறம் போனால் போதாதா?

போதாது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு நிறைய வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, அலசும் தண்ணீரோடு வெளியே போய்விடும். சாதாரண சுத்திகரிப்பில் நிறம் மங்கும், கசடு அடியில் தங்கும். ஆனால் கரைந்த உப்பு அப்படியே இருக்கும். பார்க்கத் தெளிவாக இருக்கும் தண்ணீரும் பயிரைக் கருக்குவது இதனால்தான். இந்த உப்பைத்தான் 'டிடிஎஸ்' என்று அளக்கிறார்கள். வெளியேற்றும் கழிவுநீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்பது விதிக்கப்பட்ட வரம்பு.

அணை என்ன செய்தது?

ஓடும் ஆற்றில் வெள்ளம் வந்தால் உப்பு ஓரளவு அடித்துச் செல்லப்படும். அணையில் நீர் நிற்கிறது. வெயிலில் நீர் மட்டும் ஆவியாகிறது, உப்பு மிஞ்சுகிறது. அணையைச் சுற்றியுள்ள நிலத்தடியில் கசிந்து கிணறுகளுக்கும் போகிறது. உப்பு ஏறிய மண் இறுகிப்போய் நீரை உறிஞ்சாது. சுற்றுவட்டாரத்தில் தென்னை காய்ப்பு விழுந்தது, கிணற்று நீர் மாட்டுக்குக்கூட உதவாமல் போனது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விஷத்தை அணை உண்டாக்கவில்லை, சேர்த்து வைத்தது. அணை இல்லாவிட்டால் அத்தனையும் கரூருக்கும் காவிரிக்கும் போயிருக்கும். அப்போது இவ்வளவு வெளிச்சத்துக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003-ல் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004-ல் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு கணக்கிட்டது. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் பூஜ்ஜியக் கழிவு வெளியேற்றத்துக்கு உத்தரவிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் முழுமையாக நடக்காததால், 2011 ஜனவரியில் எல்லா சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் இல்லாமல் தையல் ஏது? வேலை இழந்தவர்களில் பலர் வெளியூரில் இருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றை நாசமாக்கிய முடிவுகளில் அவர்களுக்குப் பங்கே கிடையாது.

இப்போது நிலை என்ன?

சவ்வூடு வடிகட்டி, ஆவியாக்கி மூலம் தண்ணீரையும் உப்பையும் பிரித்து மறுபடி பயன்படுத்தும் முறைக்குப் பட்டறைகள் மாறின. செலவு அதிகம், கரண்ட் பில்லும் அதிகம். அதனால் மழை நாளில், இரவோடு இரவாகக் கழிவைத் திறந்துவிடுவதாகப் புகார்கள் இன்னும் வருகின்றன.

அணையில் தண்ணீரைத் தேக்காமல் வந்ததை அப்படியே வெளியேற்றுகிறார்கள். பருவமழையின் முதல் வெள்ளம் நுரையோடு வரும்போது டிடிஎஸ் எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. அளவு குறைந்த பிறகே கரூர் மாவட்டத்தின் ஆத்துப்பாளையம் அணைக்கு அந்தத் தண்ணீரைத் திருப்பலாம் என்கிறார்கள் அங்குள்ள விவசாயிகள்.